தாழ்வாரத்தில் இரண்டு தொட்டிக்குத்தான் இடம்: எந்த மூலிகை இலையை வளர்ப்பது?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பேட்டையிலிருந்து ஓர் அக்கா வந்தார். கைப்பேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். பத்து மூலிகைகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண்ணாக ஓர் எண். "தம்பி, எண் பெரியதாக இருக்கும் செடியைத்தானே வாங்க வேண்டும்?" என்று கேட்டார். அவருடைய வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. தாழ்வாரத்தில் இரண்டு தொட்டிகளுக்கு மேல் இடமில்லை. கணவரின் சர்க்கரை அளவு எல்லையைத் தொட்டிருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவர் குரலில் இருந்தது.

இதே கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் பலர் கேட்கிறார்கள். முருங்கையா, துளசியா? செடியா, பொடியா? ஆடாதோடைக்குப் பணம் செலவழிக்கலாமா? நான் பல ஆண்டுகள் ஓர் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். அந்தப் பட்டியல்களில் வரும் எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எண்ணைப் பார்த்துச் செடி வாங்காதீர்கள் என்று அந்த அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## எண் எங்கிருந்து வருகிறது?

இலைகளில் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள், அதாவது நாம் ஆன்டிஆக்சிடன்ட் என்று சொல்பவை, ஒரே பொருள் அல்ல. குவெர்செட்டின், கெம்ப்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகள், ரோஸ்மரினிக் அமிலம், குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனாலிக் அமிலங்கள், பீட்டா கரோட்டின், லூட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ என்று பெரிய குடும்பமே இருக்கிறது. செடி இவற்றை நமக்காகச் செய்யவில்லை. கடும் வெயில், பூச்சி, வறட்சி ஆகியவற்றிலிருந்து தன் இலையைக் காத்துக்கொள்ளச் செய்கிறது.

பரிசோதனைக்கூடத்தில் இவற்றை அளக்கப் பல வழிகள் உண்டு. அதிகம் புழங்குவது டிபிபிஎச் முறை. ஊதா நிறக் கரைசல் ஒன்றில் இலைச்சாற்றை விடுவோம். சாற்றுக்கு வீரியம் இருந்தால் ஊதா மங்கி வெளிர் மஞ்சளாகும். நிறம் எவ்வளவு குறைந்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து கணக்குப் போடுவோம். பார்க்க அழகான சோதனை. ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் காய்ந்த இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்தது. நம் வீட்டில் யாரும் மெத்தனாலில் ரசம் வைப்பதில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் நடப்பது ஒன்று. குடலும் கல்லீரலும் அந்தச் சேர்மங்களை உருமாற்றிய பிறகு ரத்தத்தில் நடப்பது முற்றிலும் வேறு. குவெர்செட்டினை உண்டால் அதில் சிறு பங்குதான் உள்ளே போகிறது. அதுவும் வேறு உருவத்தில்தான் போகிறது.

அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் உணவுப் பொருள்களின் ஓராக் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு மதிப்பெண்களைப் பட்டியலாக வைத்திருந்தது. 2012இல் அந்தப் பட்டியலை இணையத்திலிருந்து நீக்கிவிட்டது. குழாயில் அளந்த மதிப்புக்கும் மனித உடலில் நேரும் பயனுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதும், விற்பனையாளர்கள் அந்த எண்களைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும்தான் காரணம். பட்டியல் போய்விட்டாலும் பொட்டலங்களின் மேல் அந்த எண்கள் இன்னும் வாழ்கின்றன.

இன்னொரு செய்தியைச் சொன்னபோது அந்த அக்கா அதிர்ந்துபோனார். மருதாணி இலைச்சாறும் இத்தகைய சோதனைகளில் நன்றாகவே மதிப்பெண் வாங்கும். ஆனால் அதே இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறப்பொருள், ஜி6பிடி நொதிக் குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளின் தோல் வழியே உள்ளே போய்ச் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாக்கிச் சிதைத்துவிடும். கையில் பூசினாலே போதும். சிங்கப்பூரில் 1965 முதலே பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் இந்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்யப்படுகிறது. உங்கள் குழந்தைக்கு அது இருப்பதாக மருத்துவமனையில் சொல்லியிருந்தால், விசேஷ வீட்டில் யார் கேட்டாலும் மருதாணி வைக்க விடாதீர்கள். குழாயில் தடுப்பான்; குழந்தையின் உடம்பில் அதற்கு நேரெதிர்.

## பிறகு எதைப் பார்ப்பது?

நான் ஐந்து கேள்விகளை வைத்திருக்கிறேன்.

ஒன்று, அந்தச் சேர்மம் எண்ணெயில் கரைவதா, நீரில் கரைவதா, நம் சமையல் அதை வெளியே கொண்டுவருமா. இரண்டு, அந்த இலையை உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை கைப்பிடி உண்பீர்கள். மூன்று, உங்கள் வீட்டில் வெயில் எவ்வளவு. நான்கு, வீட்டில் யாருக்காவது அது ஆகாதா. ஐந்து, கண்ணுக்குத் தெரியாத செலவு.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும் அறிவுரைகளில் இது இருக்காது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் இருக்கிறது. மார்ச் கடைசி வாரம் முதல் செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மீதி ஆறு மாதம் தெற்கே. ஆகவே வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஆண்டின் நடுப்பகுதியில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் விழும். அக்டோபர் வந்துவிட்டால் வெளிச்சம் மட்டும்தான். தெற்குப் பார்த்த வீட்டுக்கு இதன் மறுபக்கம். கிழக்கும் மேற்கும் பார்த்தவர்களுக்கு ஆண்டு முழுதும் அரை நாள் வெயில் உண்டு. செடி வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும், நேரடி வெயில் தாழ்வாரத்தில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துவையுங்கள். நிழலில் வளரும் இலையில் ஃபிளேவனாய்டுகளும் குறைவு. வெயிலுக்குத் தற்காப்பாகச் செய்வதை நிழலில் நிற்கும் செடி எதற்காகச் செய்யப்போகிறது?

இடத்துக்கும் விதிகள் உண்டு. தீ விபத்து நேர்ந்தால் மக்கள் வெளியேற, பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் நிபந்தனை. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. எட்டாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஓர் உயிரை எடுத்துவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மண் இறுகினாலும் அதன் மேலேயே நீர் நிற்கும், அதனால் மண்ணைக் கிளறிவிட வேண்டும். டெங்கிக் காய்ச்சலைத் தந்துவிட்டு எந்த மூலிகையும் நம்மைக் காப்பாற்றப் போவதில்லை. ஆக, ஒவ்வொரு தொட்டியுடனும் நாள்தோறும் ஐந்து நிமிட வேலையும் வீட்டுக்குள் வருகிறது.

## கறிவேப்பிலை

என் முதல் தேர்வு இதுதான். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதன் தாவரப் பெயரில் ஒட்டியிருக்கும் 'கோனிகி' என்ற சொல், யோஹான் கேர்ஹார்ட் கோனிக் என்பவரின் நினைவாக வைக்கப்பட்டது. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, தென்னிந்தியத் தாவரங்களைத் தேடித் தேடிச் சேகரித்தவர். இந்த இலையில் இருக்கும் கோனிஜின் என்ற சேர்மத்திலும் அவர் பெயர் ஒலிக்கிறது. நம் வீட்டுத் தாளிப்புக்கும் தரங்கம்பாடிக் கடற்கரைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கோனிஜின், மகாநிம்பின், மகானின் ஆகியவை கார்பசோல் வகை ஆல்கலாய்டுகள். கறிவேப்பிலையைத் தனித்து நிறுத்துபவை இவையே. இவை எண்ணெயில் கரைபவை. பீட்டா கரோட்டினும் அப்படித்தான். காய்ந்த எண்ணெயில் இலை படபடவென்று பொரியும்போது அவை எண்ணெய்க்குள் இறங்குகின்றன. தாளிப்பு என்ற நம் பழக்கம் இந்த இலைக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. நீரில் வேகவைத்துக் கஷாயமாகக் குடிப்பதால் இதே பயன் கிடைக்காது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காரியம் முடிந்ததும் ஒதுக்கப்பட்டவர் 'என்னைக் கறிவேப்பிலையாக எறிந்துவிட்டார்கள்' என்கிறார். அந்தப் பேச்சு வழக்கே நாம் இந்த இலையை என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய இலையோடு, எண்ணெயில் இறங்காத எல்லாமும் குப்பைக்குப் போகிறது. அதனால் இதை வளர்ப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாரத்துக்கு இரண்டு முறையாவது துவையலாக அரையுங்கள், அல்லது உளுந்தும் மிளகும் சேர்த்துப் பொடியாக இடித்துச் சோற்றில் நெய்யோடு பிசைந்து உண்ணுங்கள். இரண்டு கைப்பிடி இலை அப்படியே வயிற்றுக்குப் போகும்.

வளர்ப்பதில் பொறுமை வேண்டும். முதல் ஆண்டில் செடி அசைவதே தெரியாது. நேரடி வெயில் நான்கு மணி நேரமாவது தேவை. ஆறு மணி நேரம் கிடைத்தால் நல்லது. கொழுந்தைக் கிள்ளக் கிள்ளக் கிளை பிரியும். பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும். எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால் வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்து முட்டையிடும். முதலில் பறவை எச்சம் போலத் தோன்றும் புழு, சில நாள்களில் பச்சையாகத் தடித்து ஒரு கிளையையே மொட்டையடித்துவிடும். பூச்சிமருந்து அடித்தால் பிறகு அந்த இலையை எப்படி உண்பது? காலையில் இலையின் அடியைப் பார்த்துக் கையால் எடுத்துவிடுவதே வழி.

நான் முதன்முதலில் வாங்கிய செடி ஒரு பண்ணையில் மொழுமொழுவென்று இருந்தது. வீட்டுக்கு வந்த மூன்று வாரத்தில் இலை முழுதும் கொட்டிவிட்டது. நல்ல வெயிலில் வளர்ந்த செடியை நேராக நிழல் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தது என் பிழை. கையளவு உயரமுள்ள இளஞ்செடி புது இடத்துக்கு எளிதில் பழகிவிடும், விலையும் குறைவு.

யாருக்குச் சிறந்தது: நாள்தோறும் சமைக்கும் வீடு, அரை நாள் வெயில், ஓராண்டு காத்திருக்கும் மனம். சமையல் அளவில் யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

## முருங்கைக்கீரை

சத்து என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் முருங்கைக்கு இந்த வரிசையில் போட்டியே இல்லை. நூறு கிராம் பச்சைக் கீரையில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம், கால்சியம் சுமார் 185 மில்லிகிராம், புரதம் 9 கிராமுக்கு மேல். அதோடு குவெர்செட்டின், கெம்ப்ஃபெரால், குளோரோஜெனிக் அமிலம், பீட்டா கரோட்டின். எல்லாவற்றுக்கும் மேலாக, இது கீரை. வாசனைக்குப் பத்து இலை கிள்ளிப் போடும் பொருள் இல்லை. ஒருவர் ஒரு வேளையில் ஒரு கைப்பிடிக்கு மேல் உண்ண முடியும். சேர்மத்தின் வீரியத்தை விட உண்ணும் அளவுதான் கணக்கில் பெரியது என்பதை முருங்கையை வைத்துத்தான் நான் எல்லாருக்கும் விளக்குகிறேன்.

வேகவைத்து நீரை வடித்தால் வைட்டமின் சி சுமார் 30 மில்லிகிராமாக இறங்கிவிடும். ஆகவே வடிக்காதீர்கள். பருப்போடு சேர்த்து, கடைசியில் கீரையைப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்குங்கள். முருங்கையில் கடுகு இனத்தைப் போலக் குளுக்கோசினோலேட்டுகளும் உண்டு. இலையை நறுக்கும்போது அதிலிருக்கும் நொதி அவற்றைக் காரமான ஐசோதயோசயனேட்டுகளாக மாற்றுகிறது. கொதிநீர் அந்த நொதியைச் செயலற்றதாக்கிவிடும். நறுக்கி ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்து பிறகு அடுப்பில் ஏற்றுவது நல்லது. எண்ணெயில் வதக்கித் தேங்காய்ப்பூ தூவினால் கரோட்டினும் உடலில் சேரும்.

பிறகு ஏன் இதை முதல் தேர்வாகச் சொல்லவில்லை? முருங்கை மரம். தொட்டியில் வைத்து மூன்றடியில் வெட்டிவிட்டுப் புதராக வளர்க்க முடியும். நானே சமூகத் தோட்டத்தில் வளர்க்கிறேன். ஆனால் அதற்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். தாழ்வாரத்தில் வெயில் தேடி வளைந்து, கொம்பு மெலிந்து, காம்பில் நாலு இலையோடு நிற்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைப் பொரியல் செய்ய எத்தனை கொத்து உருவ வேண்டும் என்று சமைத்தவர்களுக்குத் தெரியும். ஒரு தொட்டிச் செடி அதை மாதத்துக்கு ஒரு முறை தந்தால் பெரிது.

இதற்கு நல்ல தீர்வு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காச் சந்தை. சிராங்கூன் சாலையிலும் பஃபலோ ரோட்டிலும் கட்டாகக் கிடைக்கிறது. நம்மைப் போலவே பிலிப்பினோக்களுக்கும் இது அன்றாடக் கீரை. அவர்கள் 'மலுங்காய்' என்று சொல்லிக் கோழிச் சாற்றில் போடுவார்கள். வீட்டில் பிலிப்பினோ பணிப்பெண் இருந்தால் உருவும் வேலையில் அவர் கை நமக்கு முன்னால் ஓடும். புளோக்குக்குக் கீழே முருங்கை மரம் நிற்கிறதே என்று பொது இடத்தில் இலை பறிக்கப் போகாதீர்கள். பூங்காக்களிலும் அரசு நிலத்திலும் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம்.

மறைமுகச் செலவு இங்கே நேரம்தான். கட்டு மலிவு, உருவ அரை மணி நேரம். உருவிய கீரையை ஈரமில்லாமல் துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

எச்சரிக்கையும் உண்டு. இதில் வைட்டமின் கே மிகுதி. ரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் திடீரென்று நாள்தோறும் முருங்கை உண்ணத் தொடங்கினால் மருந்தின் வேலை குறைந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தைக் கருதி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் கீரையாக உண்ணலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பக் கூடாது. அந்த அக்காவிடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

## துளசி

துளசியின் பலம் ரோஸ்மரினிக் அமிலம். இது வெந்நீரில் இறங்கும். ஓரியன்டின், விசெனின் ஆகிய ஃபிளேவனாய்டுகளும் அப்படியே. ஆக, தேநீராகக் குடிப்பதற்கு ஏற்ற இலை இதுதான். மணத்தைத் தரும் யூஜெனால் மட்டும் ஆவியோடு பறந்துவிடும். அதனால் கொதிக்கவிடாமல், கொதித்த நீரை இலையின் மேல் ஊற்றி மூடிவைத்து ஐந்து நிமிடம் கழித்துக் குடிக்க வேண்டும்.

வளர்வது விரைவு. நான்கு மணி நேர வெயில் போதும். ஆனால் ஆயுள் குறைவு. ஓரிரு ஆண்டில் தண்டு மரமாகி இலை சிறுத்துவிடும். விதையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் காற்றோட்டமில்லாத தாழ்வாரங்களில் ஓயாத தொல்லை.

யாரும் பேசாத ஒரு செலவு இருக்கிறது. பல வீடுகளில் துளசி வழிபாட்டுக்குரியது. மாடத்தில் வைத்து விளக்கேற்றும் செடியிலிருந்து தேநீருக்கு இலை பறிக்கப் பெரியவர்கள் மனம் ஒப்பாது. என் அத்தை செவ்வாயும் வெள்ளியும் ஏகாதசியும் தொடவே விடமாட்டார். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் இருக்கும் இரண்டு இடத்தில் ஒன்று சாமிக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் நாள்தோறும் துளசிநீர் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

## கற்பூரவல்லி

வெயில் குறைந்த வீட்டுக்கு இதுதான். கார்வக்ரால், தைமால் ஆகிய மணப்பொருள்களும் கொஞ்சம் ரோஸ்மரினிக் அமிலமும் உண்டு. ஒரு கொம்பை ஒடித்து மண்ணில் குத்தினால் வேர் பிடித்துவிடும். பக்கத்து வீட்டில் கேட்டாலே கிடைக்கும், செலவே இல்லை. தண்ணீர் அதிகமானால் அழுகும். பஜ்ஜி, ரசம், சளிக்கு ஒரு இலை என்று உண்ணும் அளவு சிறியது. அந்த அளவில் பெரிய பயன் எதிர்பார்க்க வேண்டாம். பச்சையாக ஒன்று வீட்டில் வளர்கிறது என்ற நிறைவு உண்டு.

## ஆடாதோடை, நொச்சி

இரண்டுமே உண்மையான மூலிகைப் புதர்கள். இரண்டின் இலையிலும் ஃபிளேவனாய்டுகள் நிறைய உண்டு. குழாய்ச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்குபவை. அக்காவின் பட்டியலில் முதல் மூன்று இடங்களுக்குள் ஆடாதோடை இருந்தது.

இருந்தும், ஆக்சிஜனேற்றத் தடுப்புக்காக ஆடாதோடையை நாள்தோறும் குடிக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். இதன் உயிர்நாடி வாசிசின் என்ற ஆல்கலாய்டு. சளியை இளக்கும் அதன் குணத்தை ஆராய்ந்துதான் புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து உருவாக்கப்பட்டது. இன்றும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஆடாதோடையை உண்டால் பாடாத நாவும் பாடும் என்று நம் முன்னோர் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கருவுற்றிருப்பவர்கள் தொடவே கூடாது. இது மருந்து. நோய்க்கு, அளவோடு, சித்த மருத்துவம் கற்றவர் சொல்லும் நாள்களுக்கு மட்டும்.

நொச்சியை உண்பதே இல்லை. வெந்நீரில் இலையைப் போட்டு ஆவி பிடிப்போம். கோட்டை மதிலைக் காக்கும் போருக்கு நொச்சித் திணை என்று பெயர் வைத்தவர்கள் நாம். காவலாளியின் தலையில் சூடிய பூ இது. என் மனத்துக்கு மிக நெருங்கிய செடி. ஆனால் ஆவியில் வருவது மணப்பொருள்கள்தான். லூட்டியோலின், காஸ்டிசின் போன்ற ஃபிளேவனாய்டுகள் ஆவியாக எழுவதில்லை. ஆக, இலையில் எவ்வளவு இருந்தாலும் நமக்கு வருவது ஒன்றுமில்லை.

இரண்டும் ஆளுயரத்துக்கு மேல் வளரும். இவற்றுக்கு இடம் சமூகத் தோட்டம்தான். பார்த்துவர வேண்டும் என்றால் சிங்கப்பூர்ப் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) 2011இல் திறந்த மூலிகைத் தோட்டம் இருக்கிறது. இரண்டரை ஹெக்டரில், நானூறுக்கும் மேற்பட்ட மருத்துவத் தாவரங்களை, அவை எந்த உடலுறுப்புக்கு வழங்கப்பட்டன என்ற வரிசையில் நட்டிருக்கிறார்கள்.

## பொடியும் மாத்திரையும்

'இதெல்லாம் எதற்கு, முருங்கைப் பொடி வாங்கிவிடலாமே' என்று கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. பச்சை முருங்கையிலையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். காய்ந்தால் சத்து சுருங்கிய இடத்தில் கூடுகிறது. பொட்டலத்தில் போட்டிருக்கும் 'பல மடங்கு' கணக்கெல்லாம் இதிலிருந்து வருபவைதான். நூறு கிராம் கீரையை ஒருவர் உண்ணலாம். நூறு கிராம் பொடியை யாரும் உண்ணப்போவதில்லை. ஒரு தேக்கரண்டிப் பொடி ஒரு சிறு பிடிக் கீரைக்குச் சமம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வைட்டமின் சியில் பெரும் பங்கு உலர்த்தும்போதே போய்விடும். வெயிலில் உலர்த்தியிருந்தால் கரோட்டினும் போய்விடும். நல்ல பொடி பளிச்சென்ற பச்சையாக இருக்கும். பழுப்போடிய பொடியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

பிரித்தெடுத்து அடைத்த மாத்திரைகளை நான் இன்னும் அச்சத்தோடு பார்க்கிறேன். 1994இல் பின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வை 1996இல் இதே காரணத்துக்காக முன்கூட்டியே நிறுத்தினார்கள். கீரையில் இருக்கும் கரோட்டின் இந்தத் தீங்கைச் செய்ததாகத் தெரியவில்லை. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளும் இந்திய மரபு மருந்துகளும் விற்பனைக்கு வருமுன் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதிக்கப்படுவதில்லை. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் விற்பவரே பொறுப்பு. நச்சு உலோகங்களுக்கு வரம்பு உண்டு, மீறினால் சுகாதார அறிவியல் ஆணையம் நடவடிக்கை எடுக்கும். கடையில் இருப்பதே சான்றிதழ் என்று நினைத்துவிடக் கூடாது.

பொடிக்கும் ஓர் இடம் உண்டு. தங்கும் விடுதியில் வசிக்கும் வெளிநாட்டு ஊழியர்களான தம்பிகளுக்குத் தொட்டி வைக்க ஏது இடம்? பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு கீரை உருவ ஏது நேரம்? தனியாக வாழும் முதியவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் கஞ்சியிலோ பருப்பிலோ ஒரு தேக்கரண்டி நல்ல பொடி கலந்து உண்பது, ஒன்றும் உண்ணாமல் இருப்பதை விடச் சிறந்தது.

## ஒரே பார்வையில்

| இலை | குறிப்பிடத்தக்க சேர்மங்கள் | உடலில் சேரும் வழி | நேரடி வெயில் | மறைமுகச் செலவு | கவனம் |
|---|---|---|---|---|---|
| கறிவேப்பிலை | கார்பசோல் ஆல்கலாய்டுகள், கரோட்டின் | எண்ணெய். துவையல், பொடி | 4–6 மணி நேரம் | ஓராண்டுக் காத்திருப்பு, புழு | சமையல் அளவில் இல்லை |
| முருங்கை | குவெர்செட்டின், கரோட்டின், வைட்டமின் சி | கீரையாக, நீரை வடிக்காமல் | நாள் முழுதும் | உருவும் நேரம் | வார்ஃபரின், சிறுநீரகம் |
| துளசி | ரோஸ்மரினிக் அமிலம், யூஜெனால் | மூடிவைத்த வெந்நீர் | 4 மணி நேரம் | அடிக்கடி புதுச்செடி | ரத்தம் உறையாமை மருந்து |
| கற்பூரவல்லி | கார்வக்ரால், தைமால் | ரசம், பஜ்ஜி | குறைந்தாலும் போதும் | அநேகமாக இல்லை | அளவோடு |
| ஆடாதோடை | வாசிசின், ஃபிளேவனாய்டுகள் | மருந்தாக மட்டும் | நல்ல வெயில் | பெரிய இடம் | கர்ப்பிணிகள் தவிர்க்க |
| முருங்கைப் பொடி | உலர்ந்தபின் மிஞ்சியவை | உணவில் கலந்து | – | விலை, தரம் தெரியாமை | முருங்கைக்குச் சொன்னவை |

## எந்த வீட்டுக்கு எது

கிழக்கோ மேற்கோ பார்த்த வீடு, தினமும் சமையல்: ஒரு தொட்டியில் கறிவேப்பிலை, இன்னொன்றில் துளசி. முருங்கையை வாரம் ஒரு முறை தேக்காவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலே விழாத வீடு: கற்பூரவல்லி ஒன்று போதும். மற்றத் தொட்டிக்கான பணத்தைக் கீரைக்கு ஒதுக்குங்கள்.

தோட்டத்தில் ஈடுபாடு உள்ளவர்கள்: தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்திகளுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அந்த வெயிலில் முருங்கையைப் புதராக வெட்டிவிட்டு வளர்த்தால் ஒரு குடும்பத்துக்குப் போதிய கீரை கிடைக்கும்.

ஊரிலிருந்து செடி கொண்டுவர நினைப்பவர்கள், வேருடன் கூடிய செடிக்கு இறக்குமதி உரிமமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் தேவை என்பதை மறக்க வேண்டாம். இங்குள்ள பண்ணைகளிலேயே எல்லாம் கிடைக்கின்றன.

அந்த அக்காவின் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. செப்டம்பருக்குப் பிறகு வெயில் இருக்காது. அதனால் அரையடிக் கறிவேப்பிலைச் செடி ஒன்றை சக்கரம் வைத்த தட்டில் வைக்கச் சொன்னேன். அக்டோபர் முதல் மார்ச் வரை அதை அடுக்களைச் சன்னலுக்கு உள்பக்கம் தள்ளிவைத்துக்கொள்ளலாம். அங்கே தெற்கு வெயில் வருகிறது. இன்னொரு தொட்டிக்கு எங்கள் தோட்டத்திலிருந்து கற்பூரவல்லிக் கொம்பு இரண்டு ஒடித்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரையும் கூட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கி வருவதாகச் சொன்னார். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து சந்தைக்குள் போய்த் திரும்பக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். கீரை உருவும் வேலை கணவருடையது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.